உழைத்து ஓய்ந்த மரவையில் ஒரு சித்திரம்

பழைய தராஹுமாரா மரவை ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒழுங்கில்லாத சிறு சிறு வெட்டுத் தடங்கள் தெரியும். கோடரியும் வாய்ச்சியும் கத்தியும் விழுந்த இடங்கள் அவை. பிறகு நிமிர்த்தி, உட்புறத்தில் விரலை ஓட்டுங்கள். அங்கே தடங்கள் மழுங்கி, மாவும் கையும் பட்டுத் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். வெளியே இருப்பது செதுக்கியவரின் கை. உள்ளே இருப்பது பல ஆண்டுகள் அதில் மாவு அள்ளியவரின் கை.

இந்த அத்தியாயம் மூன்றாவதாக வரும் கையைப் பற்றியது. தூரிகை பிடிக்கிற உங்கள் கை. முதல் இரண்டு கைகளின் தடத்தையும் அழிக்காமல் மூன்றாவது கை எப்படி வேலை செய்வது என்பதுதான் இங்கே சொல்லப்போகிற ஒவ்வொரு படிக்கும் அடிப்படை.

மரவையும் அதன் மக்களும்

மெக்சிகோவின் வடபகுதியில் சிவாவா மாநிலம். அதன் தென்மேற்கில் சியர்ரா மாத்ரே மலைத்தொடர். அங்குள்ள பைன் காடுகளிலும், செப்புப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற ஆழமான மலையிடுக்குகளிலும் வாழ்கிறவர்களைத்தான் வெளியுலகம் தராஹுமாரா என்று அழைக்கிறது. அவர்கள் தங்களை ராராமூரி என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'காலால் ஓடுபவர்கள்' என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வது வழக்கம். 2020ஆம் ஆண்டு மெக்சிகோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 90,000 பேருக்கு மேல் அவர்களுடைய மொழியைப் பேசுகிறார்கள்.

மக்காச்சோளம்தான் அவர்களுடைய உயிர்ப்பயிர். நம் அம்மிக்கு உறவு என்று சொல்லத்தக்க மெத்தாத்தே என்ற சரிவான கல்லில் அதை அரைப்பார்கள். கல்லின் தாழ்ந்த முனையில் வழிந்து விழும் மாவை ஏந்துவதற்கு மரவை வேண்டும். பிசைந்த மாவை வைக்கவும், வறுத்து அரைத்த பினோலே மாவைப் போட்டு வைக்கவும், சமைத்த அவரையைப் பரிமாறவும் மரவைதான். ஸ்பானிய மொழியில் இதற்குப் பாத்தேயா என்று பெயர். பெரும்பாலும் பைன் மரம். சில ஊர்களில் வேறு மரங்களும் உண்டு. கோடையில் மேட்டு நிலத்திலும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான பள்ளத்தாக்கிலும் மாறி மாறி வாழும் குடும்பங்களுக்கு, வழியில் உடைந்துபோகாத ஒரு பாத்திரத்தின் அருமை தெரியும்.

வீட்டில் உழைத்த மரவையில் ஓவியம் இருக்காது. இதை மனத்தில் நன்றாக இருத்திக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் ஓவிய மரவைக்கென்று தனியான, நெடிய மரபு உண்டு. மிச்சோவாகான் மாநிலத்தின் உருவாப்பானும் பாட்ஸ்குவாரோவும், கெர்ரெரோ மாநிலத்தின் ஒலினாலாவும் அதற்குப் பேர்போன ஊர்கள். சியா விதை எண்ணெய், ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் கொழுப்பு, கல்பொடி, வண்ணப்பொடி ஆகியவற்றை அடுக்கடுக்காகத் தேய்த்து மெருகேற்றும் அரக்குவேலை அது. அந்த மரபு ராராமூரிகளுடையது அன்று.

ஓவியம் ஏறிய தராஹுமாரா மரவை சந்தையில் பிறந்த பொருள். 1961இல் சிவாவா நகரையும் பசிபிக் கடற்கரையையும் இணைக்கும் ரயில்பாதை திறக்கப்பட்டது. கிரீல் போன்ற மலையூர்களுக்குப் பயணிகள் எளிதாக வந்து சேர்ந்தார்கள். பழைய மரவைகள் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலக் கடைகளுக்குப் போயின. அங்கே ஓவியர்கள் சிலர் அவற்றின் குழிவில் குவாதலூப்பே மாதாவையும் பூக்களையும் பறவைகளையும் வரையத் தொடங்கினார்கள். ஆக, இது இரண்டு பேர் செய்த பொருள். மரவேலை ராராமூரியுடையது, ஓவியம் இன்னொருவருடையது. இரண்டையும் இரண்டாகச் சொல்லும்வரை இதில் குறையேதும் இல்லை. 'ராராமூரிப் பாரம்பரிய ஓவியம்' என்று சொல்லி விற்கும்போதுதான் அது பொய்யாகிறது.

எதை வாங்கலாம், எதன்மேல் வரையலாம்

மரவையைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு சோதனைகள் செய்யுங்கள்.

1. *பக்கவாட்டு வெளிச்சம்.* இருட்டறையில் டார்ச் விளக்கை விளிம்போடு சாய்த்துப் பிடியுங்கள். கையால் செதுக்கியதில் தடங்கள் தாறுமாறாக ஓடும். வட்டவட்டமாக, ஒன்றுக்குள் ஒன்று சீராக வரிகள் தெரிந்தால் அது கடைசல் இயந்திரத்தில் கடைந்தது.

2. *நூல் அளவு.* விளிம்பின் விட்டத்தை இழை ஓடும் திசையில் ஒருமுறையும் அதற்குக் குறுக்கே ஒருமுறையும் அளவெடுங்கள். மரம் காயும்போது இழைக்குக் குறுக்கே சுருங்குமே தவிர இழையின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. பச்சை மரத்தில் வட்டமாகச் செதுக்கிய கிண்ணம் காலப்போக்கில் சற்றே நீள்வட்டமாகும். குறுக்களவு குறைந்திருந்தால் நல்ல அறிகுறி.

3. *தேய்மானம் இருக்கும் இடம்.* உண்மையான தேய்மானம் கை பிடிக்கும் விளிம்பிலும், உட்குழிவிலும், தரையில் உட்காரும் அடியிலும்தான் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே கருநிறம் என்றால் சாயமோ எண்ணெயோ பூசிப் பழசாக்கியிருக்கிறார்கள்.

4. *முகர்ந்து பாருங்கள்.* பழைய மரவையில் புகையும் தானியமும் கலந்த வாசனை இருக்கலாம். இயந்திர எண்ணெய் வாடை வந்தால் வாங்க வேண்டாம். அதன்மேல் எந்த வண்ணமும் நிற்காது.

அடுத்த கேள்வி: வாங்கியது எல்லாவற்றிலும் வரையலாமா? கூடாது. மூன்று வகை மரவைகளை அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டிலேயே பழுதுபார்க்கப்பட்டவை முதல் வகை. பிளந்த இடத்தைத் தோல்வாரால் தைத்தது, தகரத்துண்டு வைத்து ஆணியடித்தது, பிசின் வைத்து அடைத்தது போன்றவை. அந்தப் பழுதுதான் அதன் அழகு, வரலாறும் அதுவே. எந்த ஊரில், எப்போது, எதற்குப் பயன்பட்டது என்ற விவரம் எழுத்தில் கிடைப்பவை இரண்டாவது வகை. அவை ஆய்வுக்கு உரியவை. உட்குழிவு முழுக்க ஆழ்ந்த மெருகேறி, எங்கும் பின்னமாகாதவை மூன்றாவது வகை. அவை சித்திரத்துக்குக் காத்திருக்கவில்லை. வெறுமையாகவே நிறைவானவை.

வரைவதற்கு ஏற்றவை வேறு. விளிம்பு உடைந்தவை, ஒருபுறம் வெயிலில் வெளுத்துப்போனவை, யாரோ முன்பே வழித்துத் தேய்த்துத் தடங்களை அழித்துவிட்டவை, வார்னிஷ் பூசிக் கெடுத்தவை. உழைப்பும் முடிந்து, பார்வைக்கும் மங்கிப்போன மரவைக்குத்தான் சித்திரம் மறுவாழ்வு.

இன்னொரு வழியும் உண்டு, அதையே முதலில் பரிந்துரைப்பேன். இன்று செதுக்குகிற ராராமூரிக் கைவினைஞரிடமிருந்து புதிய மரவை வாங்கி வரையுங்கள். பணம் செதுக்கியவர் கைக்கே போகும். கிரீல் ஊரில் இயேசு சபைப் பாதிரியார் லூயிஸ் வெர்பிளான்கென் தொடங்கிய பணியோடு சேர்ந்த மிஷன் கடை போன்ற இடங்களில் கைவினைப் பொருள்கள் கிடைக்கும். ஒரு வீட்டில் இன்னும் மாவு ஏந்திக்கொண்டிருக்கும் மரவையைப் பார்த்து, அதுதான் வேண்டும் என்று விலை பேசாதீர்கள். ராராமூரிகளிடம் கோரிமா என்றொரு வழக்கம் உண்டு. இருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்வது கடமை, அது தர்மமோ பிச்சையோ ஆகாது என்பது அதன் உட்பொருள். அந்தப் பண்பாட்டில் கேட்கிறவருக்கும் பொறுப்பு உண்டு.

பெரிய மரவைக்கு விலை ஏன் அதிகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மரத்துண்டில் அரை மீட்டர் அகல மரவை வேண்டுமென்றால் அதைவிடப் பருத்த அடிமரம் வேண்டும். வெட்டுமரத் தொழில் புகுந்தபின் சியர்ராவில் அப்படிப்பட்ட முதுபைன்கள் அருகிவிட்டன. தன் ஊரின் முதுகாட்டைக் காக்கப் போராடிய ராராமூரி உழவர் இசித்ரோ பால்தெனேக்ரோவுக்கு 2005இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2017 ஜனவரியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். உங்கள் கையில் இருக்கும் மரவை அப்படியொரு காட்டிலிருந்து வந்தது.

தேவையான பொருள்கள்

- மென்மையான பழைய தூரிகை, பருத்தித் துணிகள், பஞ்சு
- மினரல் டர்பன்டைன், டினேச்சர்டு ஸ்பிரிட்
- மெழுகு நீக்கிய அவலரக்கு (ஷெல்லாக்) செதில்கள்
- 220, 320 எண் உப்புத்தாள்
- அக்ரிலிக் வண்ணங்கள்: காவிச்சிவப்பு, காவிமஞ்சள், சுண்ண வெள்ளை, கரி கருப்பு, இலைப்பச்சை, ஆழ்நீலம்
- உருண்டை முனைத் தூரிகை 0, 2, 6 எண்களில். அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று
- சுண்ணாம்புக்கட்டி, நூல், மெல்லிய காகிதம்
- பளபளப்பில்லாத அக்ரிலிக் வார்னிஷ், தேன்மெழுகு

படி 1: பூச்சி பார்த்தல்

மரவையை வெள்ளைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து ஒரு வாரம் வையுங்கள். காகிதத்தில் வெளிர்நிறத் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே மரத்துளைப் பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்தடிக்க அவசரப்படாதீர்கள். பாலித்தீன் பையில் போட்டு, காற்றை இயன்றவரை வெளியேற்றி, இறுக்கமாக ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் குறைவான குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைவெப்பத்தில் கிடக்கட்டும். பிரித்தால் குளிர்ந்த மரத்தின்மேல் நீர் கோத்துவிடும்.

முன்பே யாரோ வண்ணம் பூசிய மரவை என்றால் கூடுதல் எச்சரிக்கை. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். ஈயம் கண்டறியும் சோதனைக்குச்சியால் பார்க்கும்வரை உப்புத்தாள் போடவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த விதிக்கு விலக்கே இல்லை.

படி 2: துடைத்தல்

உலர்ந்த தூரிகையால் இழையோட்டத்தில் தூசியைத் தட்டுங்கள். பிறகு ஈரத்தை நன்றாகப் பிழிந்த துணியால் ஒருமுறை. ஊறவைப்பது, குழாயடியில் பிடிப்பது, பிளீச்சிங் பவுடர் போடுவது மூன்றும் கூடாது. பைன் சட்டென்று நீரை உறிஞ்சி, காயும்போது பிளக்கும்.

இப்போது ஒரு சொட்டு நீரைக் குழிவில் விடுங்கள். அது முத்தாக நின்றால் மரத்தில் பழைய கொழுப்பு இருக்கிறது. வரையப்போகும் இடத்தை மட்டும் டர்பன்டைன் நனைத்த துணியால், அழுக்கு ஏறுவது நிற்கும்வரை துணி மாற்றி மாற்றித் துடையுங்கள். சொட்டு மெல்லப் பரவினால் போதும். எண்ணெயோ டர்பன்டைனோ பட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது நீரில் அமிழ்த்தி வையுங்கள்.

உப்புத்தாளைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் வரைய எடுத்த மரவையை, வண்ணம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று உட்புறம் முழுக்கத் தேய்த்தேன். பத்து நிமிட வேலைதான். தூசியைத் துடைத்தபோது உள்ளே புதுப்பலகை நிறம் பளிச்சென்று தெரிந்தது. அதுவரை ஒருபக்க விளிம்பில் மட்டும் ஒரு பள்ளம் இருந்தது. யாரோ நெடுங்காலம் ஒரே இடத்தில் கை வைத்துப் பிடித்து உண்டான பள்ளம். தேய்த்தபின் அதைத் தேடினேன், காணவில்லை. அந்த மரவையில் நான் வரைந்த சித்திரம் நன்றாகவே வந்தது. ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பள்ளம்தான் என் நினைவுக்கு வரும். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: 220 எண் தாளால், வரையும் இடத்தில் மட்டும், பத்து இழுப்புக்கு மேல் இல்லை.

படி 3: பிளவைக் கவனித்தல்

பிளவுகள் பெரும்பாலும் இழை முடியும் இரண்டு முனைகளில் தொடங்கும். ஈரம் அங்கேதான் வேகமாக ஏறும், இறங்கும். பிளவின் இரு முனைகளிலும் பென்சிலால் குறி வைத்து ஒரு மாதம் பாருங்கள். நீளவில்லை என்றால் அது அடங்கிவிட்ட பிளவு, விட்டுவிடலாம். மாவுபோல் குழைத்த நிரப்பியை அதில் திணிக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது அந்த நிரப்பியே ஆப்பாகிப் பிளவைப் பெரிதாக்கும்.

நீளும் பிளவு என்றால் தையல் போடலாம். பதப்படுத்தாத பச்சைத்தோல் வாரை நீரில் சில மணிநேரம் ஊறவையுங்கள். பிளவுக்கு இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி, 3 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, வாரைக் கோத்துக் கட்டுங்கள். தோல் காயும்போது சுருங்கி இறுக்கிப் பிடிக்கும், மரம் அசைந்தால் கொஞ்சம் இடமும் கொடுக்கும். ராராமூரிகளின் மேளத்தைத் தோல்வார்தான் இழுத்துக் கட்டிவைத்திருக்கிறது. அந்த மலைக்கு அந்நியமில்லாத வேலை இது.

படி 4: இடைப்படலம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். 100 மில்லி ஸ்பிரிட்டில் 24 கிராம் அவலரக்குச் செதிலை இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்கள். இந்தியக் காடுகளின் அரக்குப் பூச்சி தந்த பொருள் மெக்சிகோ பைனின்மேல் ஏறுவது நமக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. வரையப்போகும் இடத்தில் மட்டும் இரண்டு மெல்லிய பூச்சு கொடுங்கள். முதலாவது காய ஒரு மணிநேரம் விடுங்கள். இரண்டாவதன்மேல் 320 எண் தாளால் மேலோட்டமாக ஒரு வருடல் போதும்.

இதனால் இரண்டு பயன். ஒன்று, பைன் முடிச்சுகளிலிருந்து கசியும் பிசின் சித்திரத்தில் மஞ்சள் கறையாக மேலெழும்பாது. வெள்ளை வண்ணத்தின்மேல் இந்தக் கறை சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும், அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. முடிச்சு பெரிதாக இருந்தால் அதன்மேல் மூன்றாவது பூச்சும் கொடுங்கள். இரண்டு, நாளை யாராவது உங்கள் சித்திரத்தை நீக்கி மரவையைப் பழையபடி பார்க்க விரும்பினால், ஸ்பிரிட் அரக்கைக் கரைத்து வண்ணத்தைத் தளரச் செய்யும். மரத்தின் இழைக்குள் சாயம் புகுந்திருக்காது. அருங்காட்சியகப் பாதுகாவலர்கள் இதே வேலைக்குப் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். பின்னால் வருபவருக்கு வழி விட்டுச் செய்வதே நல்ல வேலை.

படி 5: குழிவுக்கு ஏற்ப வரைதல்

தட்டையான தாளில் போட்ட படத்தை அப்படியே மரவையில் இறக்க முடியாது. மெல்லிய காகிதத்தை வட்டமாக வெட்டி, எட்டாக மடித்துப் பிரியுங்கள். மடிப்புக் கோடுகளில் விளிம்பிலிருந்து பாதி தூரம்வரை கத்தரியுங்கள். குழிவில் வைத்து அழுத்தினால் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். ஏறிய இடத்தைக் குறித்துக்கொண்டு வெட்டி எறியுங்கள். இப்போது கையில் இருப்பதுதான் உங்கள் உண்மையான பரப்பு. படத்தை அதில் வரைந்து, பின்பக்கம் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து, மரவையில் வைத்துப் பதியுங்கள்.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். சுவரில் மாட்டிய மரவையின் மேல்வளைவு எப்போதும் நிழலில் இருக்கும். விளக்கு மேலிருந்து விழுவதால் கீழ்வளைவுதான் ஒளி வாங்கும். முகம், கண், பூவின் நடு போன்ற நுண்பகுதிகளை மையத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வையுங்கள். மேல்வளைவுக்கு வானமும் இலையும் போதும்.

எவ்வளவு இடம் வரைவது? என் அளவு இது: உட்குழிவில் பாதிக்கு மேல் வேண்டாம். வெளிப்புறத்திலும் அடியிலும் சித்திரம் வேண்டாம். விளிம்பைத் தொடவே வேண்டாம், அது பலர் கை பிடித்த இடம். முழுப்பரப்புக்கும் வெள்ளைப் பூச்சு அடித்து அதன்மேல் வரைவதும் எனக்கு உடன்பாடில்லை. தேன்நிறப் பைனே பின்புலமாக இருக்கும்போது சித்திரம் மரத்திலிருந்து முளைத்ததுபோல் நிற்கும். வெளிர்நிறம் தேவைப்படும் உருவத்துக்கு மட்டும் அடியில் மெல்லிய வெள்ளை வைத்தால் போதும்.

படி 6: எதை வரைவது

கடைகளில் காண்பதெல்லாம் மாதா, மண்டையோடு, கள்ளி. அவற்றை வரைவதில் தவறில்லை. ஆனால் இந்த மரத்துக்கென்றே சில உருவங்கள் இருக்கின்றன.

முதலாவது, தடித்த அலகுக் கிளி. பச்சை உடல், சிவந்த நெற்றி, கரிய அலகு. சியர்ரா மாத்ரேயின் முதுபைன்களில் பொந்து தேடிக் கூடு வைத்து, பைன் விதையைத் தின்று வாழ்கிற பறவை. காடு அழிந்ததால் இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. மரவைக்கும் கிளிக்கும் தாய் ஒரே மரம்.

இரண்டாவது, பேரரச மரங்கொத்தி. உலகின் மிகப்பெரிய மரங்கொத்தி, ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளம். கருப்பு உடல், இறக்கையில் வெள்ளை, ஆணுக்குச் சிவப்புக் கொண்டை. 1956இல் துராங்கோ மாநிலத்தில் ஒருவர் எடுத்த திரைப்படத் துண்டுதான் அதைப் பற்றிய கடைசி உறுதியான பதிவு. இனி எந்தப் பைனிலும் அது அமரப்போவதாகத் தெரியவில்லை. ஒரு பைன் மரவையிலாவது அமரட்டும்.

மூன்றாவது, மக்காச்சோளக் கதிர். வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று பல நிற மணிகள். மாவு ஏந்திய குழிவில் கதிரை வரைவதைவிடப் பொருத்தம் வேறு ஏது?

வண்ணத்துக்கு அந்த மலையின் நிறங்களையே நாடுங்கள். ராராமூரி மேளங்களில் காவிச்சிவப்பில் வரைந்த கோலங்களைக் காணலாம். காவி, சுண்ணம், கரி மூன்றும் அடிப்படை. பச்சையும் நீலமும் கொஞ்சமாக.

தவிர்க்க வேண்டியதும் உண்டு. புனித வாரத்தில் நோரோகாச்சி போன்ற ஊர்களில் ஆண்கள் உடலெங்கும் வெண்புள்ளி இட்டு ஆடுகிறார்கள். ஹிக்குரி என்னும் புனிதக் கள்ளியைச் சுற்றியும் சடங்குகள் உண்டு. இவை அவர்களுடைய வழிபாடு. அலங்காரத்துக்கென்று அவற்றை எடுத்தாளாதீர்கள். பழங்குடிகளின் பண்பாட்டு மரபைப் பாதுகாக்க மெக்சிகோ 2022இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது மரியாதை.

படி 7: வண்ணமும் காப்பும்

வண்ணத்தை நீர்த்த பாலின் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள். தடித்து அப்பினால் செதுக்குத் தடம் மறைந்துவிடும். தூரிகையைத் தடத்தின் போக்கிலேயே இழுங்கள். ஒரு வெட்டுத்தடம் கிளியின் இறகாகவும், இன்னொன்று கதிரின் தோகையாகவும் அமைந்துவிடும் தருணம் வரும். செதுக்கியவர் உங்களோடு சேர்ந்து வரைகிறார் என்று தோன்றும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

ஒவ்வொரு அடுக்கும் அரை மணிநேரம் காயட்டும். எல்லாம் முடிந்து ஒரு வாரம் பொறுத்து, வண்ணம் உள்ள இடத்தில் மட்டும் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. வெற்று மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம். தேன்மெழுகை மென்துணியில் எடுத்து மிகக் கொஞ்சமாகத் தேய்த்தால் போதும். கண்ணாடிபோல் மின்னும் பாலியூரித்தேன் பூச்சு, கையால் செதுக்கிய மரத்தைப் பிளாஸ்டிக்காகக் காட்டும்.

வரைந்த மரவையில் உணவு வைக்கக் கூடாது. பழம் அடுக்கி வைக்கவும் வேண்டாம். அதன் சமையலறை வாழ்க்கை முடிந்துவிட்டது.

மாட்டுவதும் பேணுவதும்

மாட்டுவதற்காக மரவையில் துளையிடாதீர்கள். மூன்று கொக்கியுள்ள இரும்புத் தாங்கியில், கொக்கிக்கு அடியில் தோல்துண்டு வைத்து உட்காரவையுங்கள். கனமான மரவையின் தாங்கி சுவரில் ராவல் பிளக்கும் திருகாணியும் போட்டுத்தான் நிற்க வேண்டும்.

சியர்ராவின் உலர்ந்த குளிர்காற்றிலிருந்து சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஈரக்காற்றுக்கு வரும் மரவை சில மாதம் உப்பி அடங்கும். வந்ததும் வரைய உட்காராதீர்கள், ஒரு பருவம் கழியட்டும். குளிரூட்டியின் நேர்க்காற்றிலும் சன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பூஞ்சை வெண்படலமாகத் தெரிந்தால், வெளியில் வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மாதம் ஒருமுறை தூசி தட்டுவது போதும்.

கடைசி வேலை: அடியில் எழுதுவது

சித்திரம் முடிந்ததும் பெரும்பாலோர் முன்பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். போடாதீர்கள். மரவையைக் கவிழ்த்து, செதுக்குத் தடத்தின்மேல் படாத ஓர் இடத்தில், அரக்குப் பூச்சு சிறிதாகக் கொடுத்து, அதன்மேல் மெல்லிய எழுத்தில் மூன்று வரி எழுதுங்கள்.

முதல் வரி, மரவையைப் பற்றியது: எந்த மரம், எங்கே, எப்போது வாங்கியது, செதுக்கியவர் பெயர். பெயர் தெரியாவிட்டால் 'ராராமூரிக் கைவினைஞர்' என்று எழுதுங்கள். இரண்டாவது வரி, நீங்கள் செய்தது: பழுது, இடைப்படலம், வண்ணம், ஆண்டு. மூன்றாவது வரியில்தான் உங்கள் பெயர்.

அந்த வரிசை முக்கியம். காட்டில் மரம் தேடி வெட்டி, பச்சை மரத்தைக் குடைந்தவர் முதலில். அவருக்குப் பிறகு மாவு அள்ளியவர் வருகிறார். அவர் பெயரை எழுத வேண்டியதில்லை, விளிம்பில் கைப்பள்ளமாக அது இருக்கிறது. மூன்றாவதுதான் நாம். எழுதி முடித்ததும் மரவையை நிமிர்த்தி, அந்தப் பள்ளத்தில் உங்கள் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். அது இன்னும் அங்கே இருந்தால் உங்கள் வேலை நன்றாக முடிந்திருக்கிறது.